படம் பிடிக்கலாம், பாடாய்ப் படுத்தலாமா?



"சிங்கப்பூர்ல என்னப்பா காடு, மேடு? எங்க பார்த்தாலும் கட்டடம்தானே?" என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மில் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் வடக்கே கிராஞ்சி, மண்டாய் பக்கம் ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் கதையே வேறு. ஜோகூர் நீரிணையை ஒட்டிச் சதுப்புநிலக் காடு. கடல் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அந்தச் சேற்றில் தாவித் தாவி ஓடும் மீன், ஒற்றைக் கொடுக்கைத் தூக்கி ஆட்டும் நண்டு, நடைபாதையை அடைத்துப் படுத்திருக்கும் நீர் உடும்பு, சில நாள்களில் முதலைகூட!

இவற்றையெல்லாம் படம் பிடிக்கும் ஆர்வம் நம் மாணவர்களிடையே நன்றாக வளர்ந்திருக்கிறது. நம் சங்கத்தின் புகைப்படப் போட்டிக்கு வரும் படங்களில் பறவைப் படங்களுக்குத்தான் கைதட்டல் அதிகம். மகிழ்ச்சி! ஆனால் என்ற ஒரு சொல்லும் கூடவே வருகிறது. அந்த 'ஆனால்' பற்றித்தான் இக்கட்டுரை.

மூங்கில் ஆற்றின் கதை

'சுங்கை பூலோ' என்றால் மலாய் மொழியில் மூங்கில் ஆறு. இன்று சதுப்புநிலக் காப்பகமாக இருக்கும் அந்த இடத்தில் ஒரு காலத்தில் இறால் பண்ணைகளும் மீன் பண்ணைகளும் இருந்தன. 1986-ல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள், அங்கே கூட்டங் கூட்டமாகப் பறவைகள் வந்து இறங்குவதைக் கவனித்தார்கள். பார்த்தோம், ரசித்தோம், வீட்டுக்குப் போனோம் என்று அவர்கள் இருந்துவிடவில்லை. இந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசாங்கத்திடம் முறையாக முன்மொழிந்தார்கள். 1989-ல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பர் 6-ஆம் தேதி பூங்கா திறக்கப்பட்டது. 2002 ஜனவரி 1 முதல் 130 ஹெக்டர் பரப்புடன் சட்டப் பாதுகாப்புள்ள இயற்கைக் காப்பகம் ஆனது. 2003-ல் ஆசியான் மரபுப் பூங்கா என்ற பெருமையும் சேர்ந்தது. 2020-ல், சுற்றியுள்ள கிராஞ்சி சதுப்புநிலம், மண்டாய் சேற்றுக்கரை முதலியவற்றையும் இணைத்து 400 ஹெக்டரில் ஓர் இயற்கைப் பூங்கா வலையமைப்பு உருவாகும் என்று அறிவிக்கப்பட்டது.

நிலத்துக்குத் தங்க விலை சொல்லும் நம் ஊரில், உள்ளான்களுக்கும் கொக்குகளுக்கும் இவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றால் சும்மா கிடைத்ததா? சிலர் வெயிலில் நின்று பார்த்து, அதை மற்றவர்களுக்குப் புரியும்படி சொன்னதால் கிடைத்தது.

கேமரா செய்த நன்மை

கேமராவைத் திட்டுவதற்காக நான் எழுதவில்லை. கேமரா செய்த நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும்.

புலாவ் உபின் தீவில் செக் ஜாவா என்ற கடற்கரை இருக்கிறது. அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கும் திட்டம் இருந்தது. 2001-ல் தொண்டூழியர்கள் அங்கிருந்த உயிரினங்களை ஆராய்ந்து பட்டியல் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். நட்சத்திர மீனும் கடல் சாமந்தியும் நம் நாட்டுக் கரையிலேயே இருக்கின்றன என்று அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பலருக்குத் தெரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தூர்க்கும் வேலை தள்ளிவைக்கப்பட்டது. பல் மருத்துவரும் இயற்கைப் படக் கலைஞருமான சுவா ஈ கியாம் அந்தக் கரையைப் பற்றி 2002-ல் படங்களோடு ஒரு நூலே வெளியிட்டார்.

இன்னொன்று, கிராஞ்சியிலேயே நடந்தது. 2021 பிப்ரவரியில், அங்கே காடு அழிக்கப்பட்டுக் கிடப்பதை மேலிருந்து எடுத்த படம் ஒன்று இணையத்தில் பரவியது. விசாரித்தபோது, ஆய்வு முடிந்து அனுமதி கிடைப்பதற்கு முன்பே ஒரு பகுதி தவறுதலாக வெட்டப்பட்டது தெரியவந்தது. ஒரே ஒரு படம்! அதில் பறவையும் இல்லை, பட்டாம்பூச்சியும் இல்லை, வெறும் செம்மண். ஆனால் நாடே கேள்வி கேட்டது.

இருவாட்சிப் பறவையையும் சொல்லலாம். 1800-களிலேயே சிங்கப்பூரை விட்டு மறைந்துபோனது என்று நினைத்திருந்த இந்தப் பறவை, 1994-ல் ஒரு ஜோடியாகப் புலாவ் உபினில் காணப்பட்டது. பொந்து உள்ள பெரிய மரங்கள் குறைந்துபோனதால், 2004 முதல் கூடு கட்டப் பெட்டிகள் வைத்துக் கொடுத்தார்கள். பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும். ஒரு சிறு இடைவெளி வழியாக ஆண் பறவைதான் உணவு கொண்டுவந்து கொடுக்கும். பெட்டிக்குள் பொருத்திய சிறு கேமராக்கள் வழியாகப் பறவைக்குத் தொந்தரவு இல்லாமல் இதையெல்லாம் படித்தார்கள். இன்று பூமலையிலும் அடுக்குமாடி வீடுகளின் பக்கத்திலும்கூட இருவாட்சி வந்து உட்காருகிறது.

ஆகவே கேமரா நல்ல கருவிதான். யார் கையில், எதற்காக என்பதுதான் கேள்வி.

நடப்பது என்ன?

விடுமுறை நாள் காலையில் பூமலைக்கோ வேறு பூங்காவுக்கோ போங்கள். எங்கேயாவது ஒரு ஆந்தை உட்கார்ந்திருக்கும். அதன் கீழே முப்பது முக்காலிகள்! "அங்கிள், கொஞ்சம் தள்ளுங்க", "டேய், அந்தக் கிளையை வளைச்சுப் பிடிடா", "கல்லைத் தட்டு, இந்தப் பக்கம் திரும்பும்" என்று ஒரே சந்தைக்கடை. இரவெல்லாம் இரை தேடிவிட்டுப் பகலில் கண்ணயரும் பிராணி அது. அதன் முகத்தில் பளிச் பளிச் என்று ஒளி.

இது சாதாரண வகை. இன்னும் நான்கு வகை இருக்கின்றன.

முதலாவது, தீனி போட்டு வரவழைப்பது. மீன்கொத்தி சரியான கிளையில் வந்து உட்கார வேண்டும் என்று கீழே வாளியில் மீன் வைப்பது. புழுவை ஊசியில் குத்தி வைப்பது. 2010-களில் ஒருவர், மீனின் வயிற்றுக்குள் நுரைப் பஞ்சைத் திணித்து, அது தண்ணீரில் மிதக்க, கழுகு பாய்ந்து வந்து கவ்வும் காட்சியை எடுக்கப் பார்த்து நீதிமன்றத்தில் அபராதம் கட்டினார். கழுகின் வயிற்றுக்குள் அந்த நுரை போனால் என்னவாகும்? படம் எடுத்தவருக்கு அது தோன்றவேயில்லை. 2020 முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி வனவிலங்குக்கு உணவளித்தால் முதல் முறை 5,000 வெள்ளி வரையும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கலாம்.

இரண்டாவது, கைப்பேசியில் பறவையின் குரலை ஓட்டிக் கூப்பிடுவது. நமக்கு அது வெறும் பாட்டு. பறவைக்கோ, தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டான் என்ற அபாயச் செய்தி. இரையை விட்டு, குஞ்சை விட்டு, இல்லாத எதிரியைத் தேடி அலையும். அடுத்தடுத்து பத்துப் பேர் வந்து ஓட்டினால் பத்து முறை அலையும்.

மூன்றாவது, கூட்டை எடுப்பது. தையல்சிட்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவதே யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான். "இலை மறைக்குது" என்று நாம் அதை வெட்டிவிட்டால், வெயில் நேராகக் குஞ்சின் மேல் விழும். காக்கைக்கும் வழி தெரிந்துவிடும். படம் நன்றாக வந்திருக்கும். குஞ்சு இருக்காது.

நான்காவது, இடத்தைச் சொல்லிவிடுவது. வைக்கோல் நிறத் தலை கொண்ட ஒரு சின்னான் பறவை இருக்கிறது. அதன் இனிமையான குரலுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைத்து விற்று, இந்த வட்டாரத்தின் பல இடங்களில் அதை அழித்துவிட்டார்கள். உலக அளவில் அழியும் விளிம்பில் உள்ள இனம் அது. புலாவ் உபின் அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று. "இந்த மரம், இந்த நேரம்" என்று வரைபடத்தோடு நாம் இணையத்தில் போட்டால் லைக் போடுபவர்கள் மட்டுமா பார்ப்பார்கள்? வலை போடுபவனும் பார்ப்பான்!

ஃபயர் அலாரம் அடித்தால்?

"கொஞ்சம் பறந்துட்டுத் திரும்பி வந்து உட்காரப் போகுது. இதுல என்ன குடி முழுகிடும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் அந்தப் பறவையின் பயணத்தில் இருக்கிறது.

செப்டம்பர் முதல் மார்ச் வரை சுங்கை பூலோவுக்கு வரும் உள்ளான், உப்புக்கொத்தி போன்ற பறவைகள் சைபீரியா போன்ற வட நாடுகளிலிருந்து வருபவை. சில இங்கேயே தங்கும்; சில இளைப்பாறிவிட்டு இன்னும் தெற்கே போகும். இவற்றின் உறவினரான பட்டைவால் மூக்கன் என்ற பறவையின் குஞ்சு ஒன்று, 2022-ல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்ததைச் செயற்கைக்கோள் கருவி காட்டியது. வழியில் பெட்ரோல் பங்க் கிடையாது. உடம்பில் சேர்த்த கொழுப்புதான் பெட்ரோல். அதைச் சேர்ப்பதற்குத்தான் இந்தச் சேறு. கடல் வற்றும்போது சேற்றில் இறங்கி மேயும். கடல் ஏறும்போது மேய இடமில்லை. காப்பகத்தின் குளங்களுக்கு வந்து ஒற்றைக் காலில் நின்று ஓய்வெடுக்கும். இதற்காகவே மதகுகளை வைத்துக் குளத்தின் நீரை அளவாக வைத்திருக்கிறார்கள்.

அந்த ஓய்வு நேரத்தில்தான் "பறக்குற மாதிரி ஒரு ஷாட் வேணும்" என்று கல்லெறிகிறோம், கை தட்டுகிறோம். தேர்வுக்கு முந்தின இரவு, அரை மணிக்கு ஒரு தரம் ஃபயர் அலாரம் அடித்து நம்மைப் படி இறங்க வைத்தால் எப்படி இருக்கும்? "சும்மா கொஞ்சம் இறங்கிட்டு ஏறிட்டா என்ன?" என்று கேட்பவனை நாம் என்ன செய்வோம்? பறவைக்கு நம்மை ஒன்றும் செய்யத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"நாம காக்காய்க்குச் சோறு வைக்கிற பரம்பரை. தீனி போடுறது புண்ணியம்தானே?" என்றும் கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களின் அன்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சோறு வைத்த பாட்டி, காக்காயிடம் "இந்தப் பக்கம் திரும்பு" என்று சொன்னதில்லை. நாம் வைப்பது சோறு அல்ல, கூலி. அதுவும் பறவை ஒப்புக்கொள்ளாத வேலைக்கு. தவிர, மனிதனைக் கண்டால் தீனி என்று ஒரு விலங்கு பழகிவிட்டால் பிறகு கெட்ட பெயர் விலங்குக்குத்தான். பிளாஸ்டிக் பையைப் பிடுங்கும் குரங்கின் மேல் புகார் போகிறது. முதலில் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த மனிதன் மேல் யாரும் புகார் கொடுப்பதில்லை.

பெரிய லென்ஸ் இல்லையா? கவலை வேண்டாம்

நம்மில் பலர் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு படிப்பவர்கள். ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்து நீண்ட லென்ஸ் வாங்க முடியாது. லென்ஸ் எட்டாதபோது கால் எட்டி வைக்கிறது, பறவையை நெருங்குகிறோம். பிரச்சினையின் வேர் இதுதான். பறவையின் கண்ணிமை தெரிந்தால்தான் நல்ல படம் என்று யார் சொன்னது? சேறு, அலை, பின்னால் ஜோகூர் பாருவின் கட்டடங்கள், நடுவே சின்னதாக ஒரு சாம்பல் நாரை. அந்தப் படம் பறவையின் முகத்தைச் சொல்லாவிட்டாலும் அதன் வாழ்க்கையைச் சொல்லும். அதற்கு உங்கள் கைப்பேசியே போதும்.

பணம் செலவில்லாத வழிகள் நிறைய உண்டு. கடல் ஏறி இறங்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடல் நன்றாக ஏறியிருக்கும்போது பார்வைக் குடிலுக்குள் பேசாமல் உட்கார்ந்தால் பறவை தானாக உங்கள் எதிரே வரும். நம் ஊரில் சூரியன் எழுவது ஏழு மணி சுமாருக்கு. ஒன்பதைத் தாண்டினால் வெயில் சுள்ளென்று அடித்துப் படத்தைக் கெடுத்துவிடும். காலைத் தூக்கத்தைத் தியாகம் செய்யத்தான் வேண்டும். குளிர்சாதன அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். கொஞ்ச நேரம் பையிலேயே வைத்து வெளிச்சூட்டுக்குப் பழக்குங்கள். நம் ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் பத்துக் காசு சமாசாரம்.

இன்னும் கிட்டத்தில் வேண்டுமா? வீட்டு வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறதா பாருங்கள். நம்மவர்கள் வீட்டில் இல்லாமல் இருக்குமா? அதன் இளம் இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீர்கள். அது எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம் புழு. எதிரி தின்னாமல் இருக்க எச்சம் போல வேஷம் போட்டிருக்கிறது. கொஞ்சம் வளர்ந்ததும் பச்சையாக மாறும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு போல நீட்டி நாற்றமடிக்கும். முட்டையிலிருந்து சிறகு விரியும்வரை ஏறக்குறைய ஒரே மாதம். "பூச்சி புடிச்சிருச்சு, நசுக்கிப் போடு" என்று சொல்லும் அம்மாவிடம் ஒரு மாதத் தவணை கேளுங்கள். தினமும் ஒரு நிமிடம் எடுத்துச் சேர்த்தால் அருமையான குறும்படம்! விரட்டவும் வேண்டாம், தீனி வாங்கவும் வேண்டாம். சாம்பாருக்குத்தான் கொஞ்சம் இலை குறையும்.

பெயர் தெரியுமா?

இன்னொரு வருத்தமும் உண்டு. நம் மாணவர்கள் எடுக்கும் படங்களின் கீழே "அழகிய பறவை", "இயற்கையின் அதிசயம்" என்றுதான் எழுதுகிறார்கள். மஞ்சளும் கறுப்புமாக வளாகத்து மரத்தில் கத்துவது மாங்குயிலின் இனம். ஐந்து மணிக்கே புளோக்கை எழுப்பி எல்லோரிடமும் திட்டு வாங்குவது, சினிமாப் பாட்டில் நாம் உருகி உருகிக் கேட்கும் அதே குயில்தான்! செம்பருத்தியில் தொங்குவது தேன்சிட்டு. 1998-ல் சுங்கை பூலோவுக்குத் திரும்பி வந்து, இன்று நகர ஆறுகளிலெல்லாம் குடும்பம் நடத்துவது நீர்நாய். பெயர் தெரியாத ஒன்று காணாமல் போனால், போனதே நமக்குத் தெரியாது. தமிழ்ப் பெயர்கள் நம் பாட்டி தாத்தாவோடு போய்விட்டால் அதுவும் ஓர் அழிவுதான்.

சங்கத்துக்கு என் கோரிக்கை

குறை சொல்வது சுலபம். ஆகவே அடுத்த ஆண்டின் போட்டிக்காகச் சில யோசனைகளைச் செயற்குழுவின் முன் வைக்கிறேன்:

1. ஒவ்வொரு படத்தோடும் எப்போது எடுத்தது, எப்படி எடுத்தது என்று இரண்டு வரி எழுதித் தர வேண்டும். தீனி, குரல் ஓட்டுதல் எதுவும் இல்லை என்று கையெழுத்திட வேண்டும். அரிய உயிரினம் என்றால் சரியான இடத்தை வெளியிடக் கூடாது.

2. கூடு, குஞ்சு படங்களை ஏற்க வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

3. 'ஓர் இடம், ஓர் ஆண்டு' என்று புதிய பிரிவு வேண்டும். ஒரே குளம், அல்லது ஒரே மரம். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு படங்கள். முதல் பரிசு இதற்கே போகட்டும்.

4. 'நம் வளாகம், நம் புளோக்' என்று கைப்பேசிக்கு மட்டுமான பிரிவு ஒன்று.

5. தமிழ்ப் பெயரோடு வரும் படத்துக்குத் தனி மதிப்பெண்.

"இப்படியெல்லாம் விதி போட்டா யாரும் கலந்துக்க மாட்டாங்க" என்று சிலர் சொல்லக்கூடும். முதலாண்டு படங்கள் குறையலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பரிசு எதற்குக் கொடுக்கிறோமோ அதைத்தான் மாணவர்கள் செய்வார்கள். பாய்ந்து வரும் கழுகுக்கு மட்டும் பரிசு கொடுத்தால், கழுகைப் பாய வைக்க வழி தேடுவார்கள். பொறுமைக்குப் பரிசு கொடுத்தால் பொறுமை வளரும். அதற்குச் சட்டமும் அதிகாரியும் வேண்டாம். நம் சங்கத்தின் ஒரு கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.

அன்று சிலர் பழைய இறால் குளத்தருகே நின்று பார்த்ததால்தான் இன்று நமக்கு ஒரு காப்பகம் இருக்கிறது. நாளை இன்னொரு சேற்றுக்கரையோ ஒரு துண்டுக் காடோ திட்டப் படத்தில் சிக்கும்போது, "இங்கே என்ன இருக்கிறது?" என்ற கேள்வி வரும். அப்போது தேதியோடும் பெயரோடும் பன்னிரண்டு மாதப் படங்களை எடுத்து மேசையில் வைப்பவர்கள் நம் மாணவர்களாக இருக்கட்டும்.

சிந்திப்போம், தீர்மானத்தை நிறைவேற்றுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னணுப் பொறியியல் துறை